எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: முன்னாள் படைவீரருக்கு எது பொருந்தும்?

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழான ஜாமாவில் 2011இல் ஒரு கட்டுரை வெளியானது. 2000 முதல் 2006 வரை, அமெரிக்கப் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனைகளில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 850 முன்னாள் ராணுவத்தினரைப் பற்றிய ஆய்வு அது. அதே அளவு பருமன் இருந்தும் அறுவை செய்துகொள்ளாத மற்ற முன்னாள் வீரர்களோடு அவர்களை ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ ஏழாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தும், அறுவை செய்துகொண்டவர்களின் ஆயுள் கூடியது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அறுவையைப் பரிந்துரைத்து வந்த மருத்துவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

2015 ஜனவரியில் அதே இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. எழுதியவர்களில் பலர் முந்தைய ஆய்வில் இருந்தவர்களே. இம்முறை அறுவை செய்துகொண்டவர்கள் 2,500 பேர். ஒப்பீட்டுக்கு 7,462 பேர். முதலாண்டில் அறுவை செய்துகொண்டவர்களில் 2.4 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள், மற்றவர்களில் 1.7 விழுக்காட்டினர். ஐந்தாம் ஆண்டில் கணக்கு திரும்பிவிட்டது: 6.4க்கு எதிரே 10.4. பத்தாம் ஆண்டில் 13.8க்கு எதிரே 23.9. அறுவையின் ஆபத்து முதலிலேயே வந்துவிடுகிறது, பலன் மெதுவாகத்தான் சேர்கிறது. கூடுதல் பேரைக் கூடுதல் காலம் பார்த்தபோதுதான் அது கண்ணுக்குத் தெரிந்தது.

இந்த ஆய்வுகளை நான் முக்கியமாகக் கருத வேறொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் பொதுமக்களிடையே இந்த அறுவை செய்துகொள்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். பெரும்பாலும் நாற்பதுகளில் இருப்பவர்கள். படைவீரர் ஆய்விலோ 74 விழுக்காட்டினர் ஆண்கள். சராசரி வயது 52. உடல் நிறை குறியீட்டெண் சராசரியாக 47. அதாவது ஐந்தடி பத்து அங்குல உயரமுள்ள ஒருவர் ஏறக்குறைய 149 கிலோ. சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா, தேய்ந்த முழங்கால், மனநோய் என்று ஒன்றுக்கு மேற்பட்ட உபாதைகளோடு வருபவர்கள் இவர்கள். நாற்பதுகளில் உள்ள பெண்களிடம் கிடைத்த புள்ளிவிவரத்தைக் கொண்டு இவர்களுக்கு ஆலோசனை சொல்வது சரியாகாது.

கட்டுக்கோப்பான உடலோடு ராணுவத்தில் சேர்ந்தவர் எப்படி இந்த எடைக்கு வருகிறார் என்று பலரும் வியப்பார்கள். சேவையில் இருக்கும்வரை ஓட்டமும் அணிநடையும் முதுகுச் சுமையும் அன்றாடம். அந்த அளவு உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு. சீருடையைக் கழற்றும் நாளில் உழைப்பு நின்றுவிடுகிறது, பசி நிற்பதில்லை. பயிற்சி முகாமில் சில நிமிடங்களுக்குள் தட்டைக் காலி செய்யப் பழகியவர், வீட்டிலும் அதே வேகத்தில்தான் சாப்பிடுகிறார். முழங்காலிலும் முதுகிலும் பட்ட காயம் நடக்க விடாது. போரின் மனவடு உள்ளவருக்கு இரவுத் தூக்கம் இல்லை. அதற்குக் கொடுக்கும் குவெட்டியாபின், ஓலன்சாபின் போன்ற மாத்திரைகளே எடையைக் கூட்டும் இயல்புடையவை. வியட்நாமில் ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லி தூவப்பட்ட பகுதிகளில் பணியாற்றியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயை, சேவையால் வந்த நோயாகவே அமெரிக்க அரசு ஏற்று இழப்பீடு தருகிறது. ஆகவே இந்தப் பருமனை நாக்கைக் கட்டுப்படுத்தத் தெரியாததன் விளைவு என்று சொல்லிக் கடந்துபோவது நியாயமில்லை. அதில் பெரும்பங்கு சேவையின் பின்விளைவு.

இனி அறுவைகளைப் பார்ப்போம்.

கேஸ்ட்ரிக் பைபாஸ் இவற்றில் மூத்தது. அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் 1966இல் தொடங்கிவைத்தது. இரைப்பையின் மேல்நுனியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் ஸ்டேப்ளரால் பிரித்து, சிறுகுடலை வெட்டிக் கொண்டுவந்து நேரே அந்தப் பையில் இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அதன் வழியே போகாது. ஸ்லீவ் அறுவையில் குடலைத் தொடுவதில்லை. வாய்வழியே பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு குழாயை இரைப்பைக்குள் இறக்கி, அதை ஒட்டினாற்போல் மேலிருந்து கீழாக ஸ்டேப்ளர் போட்டுக்கொண்டே வந்து, முக்கால் பங்குக்கும் அதிகமான இரைப்பையை வெட்டி எடுத்துவிடுவார்கள். எஞ்சுவது வாழைப்பழம் போல நீண்ட ஒரு குழல். பசியைத் தூண்டும் கிரெலின் சுரக்கும் பகுதியும் வெட்டப்பட்டதோடு போய்விடுகிறது. இரண்டுமே இன்று வயிற்றில் சிறு துளைகள் இட்டுச் செய்யப்படுகின்றன. நல்ல மையங்களில் முதல் முப்பது நாளில் இறப்பு ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டு என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் வயிற்றைத் திறந்து செய்த அறுவைகளும் கலந்த பழைய கணக்கை இன்றைய நோயாளி அப்படியே தனக்குப் பொருத்திப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

மூன்றாவது, இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் மாட்டும் பேண்ட் முறை. அமெரிக்காவில் 2001இல் அனுமதி பெற்றது. வெட்டு இல்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்பதால் அன்று பெரிய வரவேற்பு. வளையத்தை இறுக்கவும் தளர்த்தவும் தோலுக்கடியில் உள்ள முனையில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றி இறக்க வேண்டும். அதற்குத் திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு வர வேண்டும். மையத்திலிருந்து பல மணி நேரப் பயணத்தொலைவில் இருக்கும் முன்னாள் வீரருக்கு இதைவிடப் பொருந்தாத ஏற்பாடு கிடையாது. பலருக்கு வளையம் நழுவியது, சிலருக்கு இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே புகுந்தது. இன்று போடுவதைவிடக் கழற்றுவதே அதிகம். இதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

சிறுகுடலின் பெரும்பகுதியைச் சுற்றிவிட்டுப் போகும் டியோடினல் ஸ்விட்ச் எல்லாவற்றிலும் அதிக எடையைக் குறைக்கும். ஆனால் புரதச் சத்தும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடலில் சேராமல் போகும் அபாயமும் அதில்தான் அதிகம். ஒழுங்காக ரத்தப் பரிசோதனைக்கு வருவார் என்று நிச்சயமாகத் தெரிந்தாலன்றி இதைப் பரிந்துரைக்கக் கூடாது என்பது என் கருத்து.

எடைக் கணக்குக்கு வருவோம். படைவீரர் நலத்துறை நோயாளிகளை வைத்து 2016இல் ஜாமா சர்ஜரி இதழில் வந்த ஆய்வு மூன்று முறைகளையும் நான்காண்டு முடிவில் ஒப்பிட்டது. பைபாஸ் செய்துகொண்டவர்கள் தொடக்க எடையில் 27.5 விழுக்காடு இழந்திருந்தார்கள், ஸ்லீவ் 17.8, பேண்ட் 10.6. மேலே சொன்ன 149 கிலோ மனிதருக்கு இதைப் போட்டுப் பார்த்தால் முறையே 41, 27, 16 கிலோ. பத்தாண்டு வரை தொடர்ந்த 564 பைபாஸ் நோயாளிகளில் பழைய எடைக்கு அருகே திரும்பிப் போனவர்கள் 19 பேர் மட்டுமே. "எப்படியும் திரும்ப ஏறிவிடும்" என்று சொல்லி அறுவையைத் தள்ளிப்போடுபவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

இப்படிப் பார்த்தால் பைபாஸே வென்றது என்று முடித்துவிடலாம். நோயாளியைப் பார்க்காமல் தராசை மட்டும் பார்ப்பவர்கள் அப்படித்தான் முடிப்பார்கள். முன்னாள் வீரர் அறுவை அரங்குக்குத் தன் எடையை மட்டும் கொண்டுவருவதில்லை. தன் மாத்திரைகளையும், தூக்கமற்ற இரவுகளையும், சில நேரம் ஒரு பாட்டிலையும் சேர்த்துக் கொண்டுவருகிறார்.

முதலில் வலி மாத்திரை. அமெரிக்கப் படையினரிடையே 800 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென் மாத்திரைக்கு 'வைட்டமின் எம்' என்று பட்டப்பெயர். மோட்ரின் என்ற வணிகப் பெயரின் முதலெழுத்து அது. கணுக்கால் சுளுக்கினாலும், முதுகு பிடித்தாலும், தலை வலித்தாலும் முகாம் மருத்துவ உதவியாளர் முதலில் நீட்டுவது அதுதான். சேவை முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் கூடவே வருகிறது, ஏனென்றால் வலியும் கூடவே வருகிறது. பைபாஸ் செய்தவருக்கு இந்த வகை மாத்திரைகள் ஆபத்தானவை. சிறுகுடலின் உட்சுவருக்கு அமிலத்தைத் தாங்கும் வலு கிடையாது. இரைப்பைப் பையோடு அதை இணைத்த இடத்தில் புண் வரும், புகைபிடிப்பவருக்கு இன்னும் எளிதாக வரும், ரத்தம் கசியும், சில வேளை ஓட்டையே விழும். ஆகவே பைபாஸுக்குப் பிறகு ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், டைக்லோஃபினாக் எதையும் தொடக் கூடாது என்பதே பொதுவான அறிவுரை. அறுவைக்கு முன் நோயாளியிடம் இதைச் சொல்கிறார்கள், அவரும் தலையாட்டுகிறார். எட்டு மாதம் கழித்துப் பனிக்காலத்தில் முழங்கால் வலிக்கும்போது கடைக்குப் போனால், எந்தச் சீட்டும் கேட்காமல் விற்கிறார்கள். வலி மாத்திரையை விடவே முடியாத மூட்டு நோயாளிக்கு, எடை குறைவாகத்தான் இறங்கும் என்று தெரிந்தேகூட, ஸ்லீவ் சரியான தேர்வாக இருக்கலாம். எடை இறங்கினால் முழங்கால் வலியும் தணியும் என்பது உண்மைதான். வெடிகுண்டில் நொறுங்கிய கணுக்காலின் வலி அப்படித் தணியாது.

அடுத்தது மது. படைவீரர் நலத்துறையின் முதல்நிலை மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் ஆண்டுதோறும் மூன்று கேள்வி கேட்பது வழக்கம். எத்தனை நாளுக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள்? குடிக்கும் நாளில் எத்தனை கோப்பை? ஒரே அமர்வில் ஆறு கோப்பையோ அதற்கு மேலோ எத்தனை முறை? ஒவ்வொரு விடைக்கும் மதிப்பெண் உண்டு. ஆண்டாண்டாகச் சேர்ந்த இந்தச் சாதாரண விடைகள், வேறெங்கும் கிடைக்காத ஓர் ஆய்வுச் செல்வமாகிவிட்டன. அறுவைக்கு முன் குடிப்பிரச்சினை இல்லாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எட்டாண்டு கழித்து அவர்கள் நிலை என்ன என்று பார்த்த ஆய்வு 2020இல் வந்தது. பைபாஸ் செய்துகொண்டவர்களில் 9.2 விழுக்காட்டினர் தீங்கான குடிப்பழக்கத்துக்கு ஆளாகியிருந்தார்கள்; ஒப்பீட்டுக் குழுவில் 4.4. ஸ்லீவ் குழுவில் 7.9, அதன் ஒப்பீட்டுக் குழுவில் 4.5. வேறு விதமாகச் சொன்னால், பைபாஸ் செய்த 21 பேருக்கு ஒருவர், ஸ்லீவ் செய்த 29 பேருக்கு ஒருவர் வீதம், அறுவை இல்லாவிட்டால் வந்திருக்காத குடிப்பிரச்சினைக்கு ஆளாகிறார்கள்.

காரணத்தின் ஒரு பகுதி உடலியல் சார்ந்தது. முழு இரைப்பை இருக்கும்போது மது அங்கே தங்கி, மெல்லக் குடலுக்கு இறங்கும். சிறு பையிலிருந்து நேரே குடலுக்குப் போகும்போது ரத்தத்தில் விரைவாகவும் கூடுதலாகவும் ஏறுகிறது. முன்பு மூன்று கோப்பையில் வந்த போதை இப்போது ஒன்றிலேயே வந்துவிடும். பொதுவாக ஸ்லீவ் இந்த விஷயத்தில் பாதுகாப்பானது என்று பலர் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தை இந்த ஆய்வு அசைத்துவிட்டது. வித்தியாசம் உண்டு, ஆனால் அதை நம்பி அசட்டையாக இருக்கும் அளவுக்கு இல்லை. போரின் மனவடுவை மதுவால் அமுக்கிப் பழகியவரிடம் எந்த அறுவை என்று பேசுவதற்கு முன், குடியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மனநோய் மருந்துகளிலும் வேறுபாடு உண்டு. மெல்லக் கரைந்து நாள் முழுதும் வேலை செய்யும்படி செய்த மாத்திரைகள், பைபாஸ் செய்தவரின் குடலில் முழுதாகக் கரைந்து சேரும் முன்பே கடந்துபோய்விடக்கூடும். லித்தியம் எடுப்பவருக்கு நேர்மாறான ஆபத்து: அறுவைக்குப் பின் நீர் குடிப்பது குறைந்து, எடை வேகமாக இறங்கும் வாரங்களில், ரத்தத்தில் அதன் அளவு நச்சு எல்லைக்கு ஏறிவிடலாம். இதை அறுவை நிபுணர் மட்டும் பார்த்தால் போதாது. மனநல மருத்துவர் முதல் நாளிலிருந்தே கூட இருக்க வேண்டும்.

சொல்லத் தயங்கினாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. யூட்டா மாநிலத்தில் பைபாஸ் செய்துகொண்ட பொதுமக்களைப் பற்றி 2007இல் வந்த புகழ்பெற்ற ஆய்வில், மொத்த இறப்பு 40 விழுக்காடு குறைந்திருந்தது. சர்க்கரை நோயால் வரும் இறப்பு 92 விழுக்காடு குறைந்திருந்தது. ஆனால் விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத காரணங்களால் வந்த இறப்பு 58 விழுக்காடு கூடியிருந்தது. தற்கொலை வீதம் ஏற்கெனவே மற்றவர்களைவிட அதிகமாக உள்ள முன்னாள் படையினருக்கு இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. இதைக் காட்டி அவர்களுக்கு அறுவையை மறுப்பது தவறு; நாற்பது விழுக்காடு என்பது பெரிய தொகை. அறுவைக்குப் பின் வரும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் அவர்களை மனநலக் கண்காணிப்பிலிருந்து விட்டுவிடக் கூடாது என்பதே இதன் பாடம்.

நெஞ்செரிச்சலில் தீர்ப்பு தெளிவு. பின்லாந்தில் 240 பேரிடம் சீட்டுக் குலுக்கிப் போட்டது போலத் தேர்ந்து நடத்திய ஸ்லீவ்பாஸ் ஆய்வில், பத்தாண்டு கழித்து ஸ்லீவ் செய்தவர்களில் 31 விழுக்காட்டினருக்கு உணவுக்குழாய் அழற்சி இருந்தது, பைபாஸில் 7. நெஞ்செரிச்சலுக்கு ஏற்கெனவே நாள்தோறும் மாத்திரை போடுபவருக்கு ஸ்லீவ் செய்வது, ஒரு நோயைக் குறைத்து இன்னொன்றை வளர்ப்பதாகும். சர்க்கரை நோயிலும் பைபாஸ் சற்று முந்துகிறது. கிளீவ்லேண்டில் 150 பேரிடம் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வில் ஐந்தாண்டு முடிவில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆறுக்குள் இருந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்த குழுவில் 5 விழுக்காடு, பைபாஸில் 29, ஸ்லீவில் 23. ஏஜென்ட் ஆரஞ்சின் சர்க்கரை நோயோடு வாழும் மூத்த வீரருக்கு இந்த எண்கள் பொருளுள்ளவை.

இத்தனை நுணுக்கமாக ஒப்பிட்டு எழுதும்போது ஒரு நெருடல் எனக்கு உண்டு. இந்தத் தேர்வு எத்தனை பேருக்கு உண்மையில் கிடைக்கிறது? படைவீரர் நலத்துறையில் பதிவு செய்தவர்கள் ஏறக்குறைய 90 லட்சம் பேர். அவர்களில் பத்தில் நான்கு பேர் பருமன் உள்ளவர்கள். அறுவைக்குத் தகுதியுள்ளவர்கள் மட்டுமே பல லட்சம் பேர் இருக்க, ஆண்டுதோறும் அதைப் பெறுபவர்கள் அவர்களில் ஒரு விழுக்காட்டுக்கும் மிகக் குறைவு. ஏறக்குறைய 170 மருத்துவ மையங்களில், இந்த அறுவை நடப்பவை இருபதை ஒட்டிய எண்ணிக்கைதான். முன்னாள் வீரர்களில் நால்வரில் ஒருவர் கிராமப்புறவாசி. முதலில் 'மூவ்' என்ற எடைக் குறைப்புத் திட்டத்தில் சேர வேண்டும், வகுப்புகளுக்குப் போக வேண்டும், உளவியலாளரைப் பார்க்க வேண்டும், சத்துணவு நிபுணரைப் பார்க்க வேண்டும், பிறகு வேறு நகரத்தில் உள்ள அறுவை மையத்துக்குப் பரிந்துரை. ஒவ்வொரு படியிலும் சிலர் விட்டுவிட்டுப் போகிறார்கள். 2018இல் வந்த மிஷன் சட்டப்படி, சிறப்பு மருத்துவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணமோ 28 நாளுக்கு மேல் காத்திருப்போ இருந்தால் அரசுச் செலவில் தனியார் மருத்துவமனைக்குப் போகலாம். அறுவை அருகில் நடந்துவிடும். ஆனால் அவருடைய மனநோய்ச் சீட்டும் வலி மாத்திரைப் பட்டியலும் வேறொரு கணினியில் இருக்கும். மேலே சொன்ன ஆபத்துகள் எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடக்கும்.

ஊசி மருந்துகள் வந்துவிட்டனவே, இனி அறுவை எதற்கு என்று கேட்பவர்கள் கூடிவருகிறார்கள். செமாகுளூட்டைடு சுமார் 15 விழுக்காடும், டிர்செபடைடு உச்ச அளவில் சுமார் 21 விழுக்காடும் எடை குறைத்தன. ஒன்றரை ஆண்டை ஒட்டிய காலத்து முடிவுகள் இவை. ஸ்லீவுக்கு இணையாக வந்துவிட்ட எண்தான் இது. ஆனால் செமாகுளூட்டைடை நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதும் பதிவாகியிருக்கிறது. அறுவைக்கு அஞ்சுபவருக்கும், இதய நோயால் மயக்க மருந்து தாங்காதவருக்கும் இது நல்ல வழி. குறியீட்டெண் ஐம்பதை நெருங்கும் ஒருவருக்கு, பத்தாண்டுக் கணக்கு கையில் உள்ள பைபாஸை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் கொடுக்க இன்னும் போதிய சான்று இல்லை.

அறுவையால் மருத்துவச் செலவு மிச்சமாகும் என்று சிலர் வாதிடுவார்கள். படைவீரர் நலத்துறையின் செலவுக் கணக்கை ஆராய்ந்தவர்கள் அப்படி மிச்சமாவதைக் காணவில்லை. அது ஒரு குறையே அல்ல. மூட்டு மாற்றினாலும் இதய அறுவை செய்தாலும் மிச்சம் எவ்வளவு என்று நாம் கேட்பதில்லை.

என் முடிவு இது. சர்க்கரை நோயோ நெஞ்செரிச்சலோ கடுமையாக உள்ள, புகையும் வலி மாத்திரையும் இல்லாத, குடிப்பழக்கம் கட்டுக்குள் உள்ள முன்னாள் வீரருக்கு பைபாஸ். வலி மாத்திரையின்றி வாழ முடியாதவருக்கும், கவனமாக அளந்து கொடுக்க வேண்டிய மனநோய் மருந்துகளில் இருப்பவருக்கும் ஸ்லீவ். பேண்ட் யாருக்கும் வேண்டாம். எதைச் செய்தாலும் மதுவுக்கும் மனநலத்துக்குமான கண்காணிப்பு அறுவைக்குப் பின் ஐந்தாண்டுக்காவது தொடர வேண்டும், அது அறுவை ஒப்புதல் படிவத்திலேயே எழுதப்பட வேண்டும். தகுதி உள்ள ஒவ்வொரு முன்னாள் வீரரிடமும் அவருடைய முதல்நிலை மருத்துவர், குடியைப் பற்றி ஆண்டுதோறும் கேட்கும் அந்த மூன்று கேள்விகளோடு நான்காவதாக ஒன்றைக் கேட்கட்டும்: எடைக் குறைப்பு அறுவை பற்றித் தெரிந்துகொள்ள விருப்பமா? இன்று அவர்களில் பெரும்பாலோரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.